நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

அத்தியாயம் 6

துணியை விலக்கியதும் சீனியம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காலடிக்குப் போனாள். இடது கணுக்காலில் பழைய தீத்தழும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இல்லை.

"எம் பிள்ள இல்ல" என்றாள். விலகியிருந்த துணியை இழுத்து அந்தப் பாதங்களை மூடினாள். "இதையும் யாராச்சும் தேடிக்கிட்டுத்தான இருப்பாக."

இருபது நாளில் அவள் பார்க்கும் மூன்றாவது உடல் இது. முதல் உடல் வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு கிணற்றில் கிடைத்தது. இரண்டாவது தண்டவாள ஓரத்தில். இன்றைக்குக் கான்சாபுரத்திலிருந்து வந்திருந்தது. அடையாளம் தெரியாத இளம்பெண் உடல் எங்கே கிடைத்தாலும் சீனியம்மாளுக்குப் போன் வந்துவிடும். மகன் ஐயாதுரையின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவாள், பார்ப்பாள், திரும்பிப் போவாள்.

பிணவறை வாசலில் நின்ற காளீஸ்வரிக்கு அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. காளீஸ்வரி பத்து வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு விசாரணை அதிகாரியாக இருந்தவள். உயிரோடு இருக்கிறவர்களைச் செத்ததாகக் காட்டும் குடும்பங்களைத் தேடிப் பிடிப்பதுதான் அவள் வேலை. இப்போது நாற்பத்தெட்டு வயதில், ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். செத்தார்களா இருக்கிறார்களா என்று தெரியாமல் ஒரு தாய் அலைவதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

வழக்கு இதுதான். சீனியம்மாளின் மகள் பாண்டிசெல்வி, வயது இருபத்து நான்கு, ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. 'அம்மா, நான் சென்னைக்குப் போகிறேன். என் வாழ்க்கையை நான் பார்த்துக்கொள்கிறேன். யாரும் தேட வேண்டாம்.' பெயர் உட்பட எல்லாமே டைப் அடித்தது. போலீஸ் கம்பெனிக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தது. சென்னை பஸ் நேரம் தேடியிருந்தது. மேஜர் பெண், தானாகப் போயிருக்கிறாள் என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

மூட விடாமல் நின்றவன் ஐயாதுரை ஒருவன்தான்.

"அந்த லெட்டர எந் தங்கச்சி அடிக்கல, மேடம்" என்றான் இப்போதும், அம்மாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டே. "அவளால அடிச்சிருக்கவே முடியாது. வேற ஆரோ அடிச்சிருக்காக. அது ஆருன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன். சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா நாளைக்கு மதுரையிலருந்து ஒருத்தரக் கூட்டிட்டு வாரேன். கம்ப்யூட்டரப் பிரிச்சு மேஞ்சிருவாராம்."

காளீஸ்வரிக்கு அவனுடைய உறுதி பிடித்திருந்தது. ஓடிப்போனவள் என்று ஊரே சொல்லும்போது, இல்லை என்று நிற்க ஒரு அண்ணன் இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டாள்.

பைக் போனதும் அவளுடைய உதவியாளன் ஆல்வின் பக்கத்தில் வந்தான். முப்பத்தைந்து வயது, தொழில் கம்ப்யூட்டர் மெக்கானிக், வாய் மட்டும் இருபத்து நாலு மணி நேர சர்வீஸ்.

"மதுரைக்காரன் வந்து மேயுறதுக்கு முன்னாடி நாம போயி மேஞ்சிருவோம் மேடம். புல்லு மிச்சம் இருக்கணும்ல."

*

கம்பெனி மேனேஜர் நவநீதகிருஷ்ணன் இவர்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். துப்பறிகிறவர்கள் வருகிறார்கள் என்பதைவிடக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வருகிறார் என்பதில்தான் அவருக்குச் சந்தோஷம்.

"தம்பி, மொதல்ல இதப் பாருங்க."

ஆல்வின் பிரவுசரைத் திறந்தான். திரையின் மேல்பாதி முழுக்கப் பட்டை பட்டையாக டூல்பார்கள். ஒன்றில் வானிலை, ஒன்றில் மஞ்சள் பொம்மை முகங்கள், ஒன்றில் தள்ளுபடிக் கூப்பன்கள். நான்காவது எதற்கென்றே தெரியவில்லை. கூகுளைக் கேட்டால் வேறு ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நின்றது. அதன் மேல் இன்னொரு ஜன்னல் குதித்து, உங்கள் கம்ப்யூட்டரில் நானூற்றுச் சொச்சம் வைரஸ் என்று சிவப்பில் மிரட்டியது.

"கீழ ஒரு ரூம் வீடு, மேல நாலு மாடி ஆக்கிரமிப்பு. அப்ரூவலே வாங்கல" என்றான் ஆல்வின்.

"ஆயுத பூஜைக்கு மறுநாள்லருந்து இதே கூத்துதான் தம்பி. ஆர்டர் மெயில் பாக்கலாம்னு போனா, வாழ்த்துகள், நீங்க கார் ஜெயிச்சுட்டீங்கங்குது. இருபது நாளா நானும் ஜெயிச்சுக்கிட்டே இருக்கேன். அம்புட்டையும் தூக்கிருங்க."

ஆல்வின் கண்ட்ரோல் பேனலைத் திறந்து முதல் டூல்பாரின் மேல் கையை வைத்தான். காளீஸ்வரி அவன் தோளைத் தொட்டாள்.

"தூக்காத. ஒவ்வொண்ணும் என்னைக்கு உள்ள வந்துச்சுன்னு பாரு."

அவன் தேதிவாரியாக அடுக்கினான். பழைய சாஃப்ட்வேர்கள் கீழே இறங்கின. மேலே ஒரே தேதியில் ஐந்து வரிகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

"நாலு டூல்பார். அஞ்சாவது... தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர். ஓசிச் சரக்கு. எல்லாம் ஆயுத பூஜை அன்னைக்கு வந்திருக்கு."

"சேர்ந்தே எப்படி வரும்?"

"மாப்பிள்ளையோட கூட்டாளிக மாதிரிதான் மேடம். கண்ட கண்ட சைட்டுல ஓசியா ஒண்ணை இறக்குனா, அதோட நாலு பேரைக் கோத்து விடுவான். இதையும் போடட்டுமா, அதையும் போடட்டுமான்னு கேப்பான். கேக்குறதுக்கு முன்னாடியே சரின்னு அவனே டிக் அடிச்சு வச்சிருப்பான். நாம நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்னு அமுக்குவோம். கிட்னியத் தாரேன்னு எழுதியிருந்தாலும் படிக்க மாட்டோம்."

"டிக்கை எடுத்திருக்கலாமே?"

"நிதானமா இருந்தா எடுத்திருக்கலாம். இது அவசரத்துல அமுக்குன கை."

காளீஸ்வரி பைக்குள்ளிருந்து கடிதத்தின் நகலை எடுத்தாள். சுவரில் ஒரு நோட்டீஸ் போர்டு இருந்தது. ஷிஃப்ட் நேரம், லீவு நாட்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று வரிசையாகத் தமிழ் அறிவிப்புகள். கடிதத்தை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். போர்டில் இருந்த எழுத்து தடித்து உருண்டையாக இருந்தது. கடிதத்தில் இருந்தது மெலிந்த எழுத்து.

"இந்த நோட்டீசெல்லாம் யார் அடிச்சது?"

"பாண்டிசெல்விதான். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ண பிள்ள. கீபோர்டையே பாக்காது, மிசினு மாதிரி அடிக்கும். அதுக்குப் பழக்கமான டைப்ரைட்டர் முறையிலயே ஒரு சாஃப்ட்வேர் ரெண்டு வருசமா இதுல இருக்கு."

"அப்ப புதுசு எதுக்கு?"

ஆல்வின் அதைத் திறந்தான். ஆங்கில எழுத்தில் ஏ, எம், எம், ஏ என்று தட்டினான். திரையில் 'அம்மா' என்று விழுந்தது. மெலிந்த எழுத்து. கடிதத்தில் இருந்த அதே அம்மா.

"தமிழ் டைப்பிங் தெரியாத ஆளுக்கு இதுதான் ஊன்றுகோல் மேடம். ஹையர் பாஸ் பண்ணவ இதை ஏறெடுத்துக்கூடப் பாக்க மாட்டா."

ஆக, ஐயாதுரை சொன்னது சரி. கடிதத்தை அடித்தது பாண்டிசெல்வி இல்லை. ஒரு பெண்ணின் பெயரில் வேறொருவர் விடைபெற்றுக் கடிதம் எழுதினால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

"எத்தனை மணிக்கு?" என்றாள் காளீஸ்வரி.

ஆல்வின் சாஃப்ட்வேர் இருந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தான். "மாலை அஞ்சு அம்பத்திரெண்டு."

"இருக்காது" என்றார் நவநீதகிருஷ்ணன். "நாலரைக்கெல்லாம் பூஜை முடிஞ்சிருச்சு. தறிக்கெல்லாம் பொட்டு வச்சு, இதுக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, கீபோர்டு மேல பூவும் போட்டாச்சு. எல்லாரும் பொரி வாங்கிட்டுப் போயிட்டாக. பூஜையில வச்சத மறுநாள் விஜயதசமிக்கு நான் வந்துதான் தொடுவேன். எங்க ஆளுக எவனுக்கும் அத அமுக்கத் தைரியம் வராது."

"எங்க வீட்டுல அந்தச் சலுகை கிடையாது சார்" என்றான் ஆல்வின். "ஆயுத பூஜை அன்னைக்கும் எங்கப்பா என்னய வேலைக்கு விரட்டிருவாரு. ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போகாம இருந்தாத்தான் எங்களுக்குப் பாவம்."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். காளீஸ்வரி அறையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மேஜைகள் இருந்தன. ஒன்று மேனேஜருடையது, ஒன்று பாண்டிசெல்வியுடையது. மூன்றாவது மேஜையில் ஒரு சின்ன பைபிள் வசனக் காலண்டர் இருந்தது.

"இது யாரு?"

"பியூலா. வெளிநாட்டு மெயிலெல்லாம் அதுதான் பாக்கும். இங்கிலீசு பிரமாதமா அடிக்கும். தமிழ்ல ஒரு வரின்னா பாண்டிசெல்விகிட்டதான் வந்து நிக்கும். ஆபீஸ் சாவி ஒண்ணு அதுகிட்ட உண்டு. ஏன் கேக்கீக?"

"இன்னைக்கு எங்க?"

"அரை நாள் லீவு. புதனும் சனியும் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிரும். பழைய டீச்சர் ஒருத்தங்களுக்கு மேலுக்கு முடியலையாம். தேரடியில எறங்கணும்னு சொல்லும். நம்ம பேண்டேஜ் காஸ் துணியில ரிஜெக்ட் ஆனத ரெண்டு உருண்ட கேட்டு எடுத்துட்டுப் போகும்." அவர் போன் அடித்தது. எடுத்து, இதோ வருகிறேன் என்பதைத் தெலுங்கில் "வஸ்தானு, வஸ்தானு" என்று சொல்லி வைத்தார்.

"பூஜைக்குப் பொறவு வேற யாராவது வேலையை விட்டாங்களா?"

"தறி ஃபிட்டர் சோலைராஜ். மறுநாளே போன்ல சொல்லிட்டு நின்னுட்டான். பாண்டிசெல்வியோட அவன் பேசுவான்னு இங்க ஒரு பேச்சு உண்டு. வேற சாதி ஆளுக. நமக்கெதுக்கு அதெல்லாம்."

ஆல்வின் எழுந்தான். "இதையெல்லாம் இப்பத் தூக்க வேண்டாமா மேடம்?"

"இருக்கட்டும். இதுதான் சாட்சி."

நவநீதகிருஷ்ணன் முகம் வாடியது. "அப்ப இன்னைக்கும் கார் ஜெயிக்கணுமா?"

*

ஆல்வினின் பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரம்.

"மேலுக்கு முடியாத டீச்சருக்குக் காஸ் துணி எதுக்கு?" என்றாள் காளீஸ்வரி.

"காயம் இருக்கும்."

"யாருக்கோ காயம் இருக்கு. இருபது நாளா கட்டுப் போடுற அளவுக்குப் பெரிய காயம். ஆஸ்பத்திரிக்குத் தினமும் போகப் பயப்படுற ஆள்." அவள் குரலில் கோபம் ஏறியது. "பாண்டிசெல்வி சும்மா செத்திருக்க மாட்டா ஆல்வின். கடிச்சிருப்பா, கீறியிருப்பா. சோலைராஜ் ஒளிஞ்சு கெடக்கான். இந்தப் பியூலா அவனுக்குக் கட்டுப் போடுதா, லெட்டரும் அடிச்சுக் குடுத்திருக்கா."

ஆல்வின் பைக்கின் வேகத்தைக் கூட்டினான்.

தேரடியில் ஒரு பால்கோவாக் கடை ஓரமாக நின்றார்கள். மூன்றாவது பஸ்ஸில் பியூலா இறங்கினாள். ஒல்லியான பெண், முப்பது வயது இருக்கும், கையில் மஞ்சள் துணிப்பை. இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு தெருவுக்குள் திரும்பி, வாசல்நிலைக்கு மேல் சங்கு சக்கரம் போட்ட ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள்.

கதவைத் தட்டியதும் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி வந்து நிலையை மறைத்துக்கொண்டு நின்றாள். உடம்புக்கு முடியாதவள் மாதிரியே இல்லை.

"நீங்க பியூலாவோட டீச்சரா?"

"ஆமா, பத்மாசனி. அவளுக்குப் பத்தாவதுல கணக்கு எடுத்தேன். நீங்க யாரு?"

"சோலைராஜைப் பாக்கணும்."

"அப்படி யாரும் இங்க இல்லை."

"இல்லன்னா போலீசைக் கூட்டிட்டு வந்து தேடுதேன், அம்மா. ஒரு பொண்ணு காணாமப் போயிருக்கா. நீங்க எதை மறைக்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியலை."

"எனக்கு நன்னாத் தெரியும்" என்றாள் பத்மாசனி. அவள் அசையவில்லை.

உள்ளிருந்து ஓர் ஆண் வந்தான். "விடுங்க டீச்சர். வந்துட்டாக. எத்தன நாளைக்கு மறைக்க" என்றான். காளீஸ்வரியின் கண் முதலில் அவன் கையைத்தான் தேடியது. கட்டு இல்லை, கீறல் இல்லை. முகத்திலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. வலது கை விரல்களில் பிசைந்த தயிர்ச்சோறு ஒட்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் மாதிரித் தெரியவில்லை. யாருக்கோ ஊட்டிக்கொண்டிருந்தவன்.

"ஐயாதுரை அனுப்புனாரா?" என்றான் சோலைராஜ்.

காளீஸ்வரி பத்மாசனியைத் தாண்டி உள்ளே பார்த்தாள். கூடத்துச் சுவரோரம் பாயில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இடது கணுக்காலில் தீத்தழும்பு. இரண்டு கைகளிலும் முழங்கை வரை மாவுக்கட்டு. விரல்களை ஒவ்வொன்றாகக் காஸ் துணியில் சுற்றியிருந்தார்கள். பியூலா பக்கத்தில் மண்டியிட்டு, புதுக் கட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கத் தெரியாமல் இருந்தாள்.

மூன்று பிணவறைகளில் தேடிய பெண் உயிரோடு இருந்தாள். காளீஸ்வரிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நொடியே அந்தக் கைகள் அவளுக்குப் புரிந்தன.

"யார் செஞ்சது?"

"எங்கண்ணன்" என்றாள் பாண்டிசெல்வி.

சொல்லும்போது அவள் அழவில்லை. பல தடவை தனக்குள் சொல்லிப் பழகியவள் மாதிரி சொன்னாள். பூஜைக்கு முந்தின நாள் வேலை முடிந்து வந்தவளை வழியிலேயே ஐயாதுரை பைக்கில் ஏற்றித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். சோலைராஜுக்கு அவள் அனுப்பிய மெசேஜ்களை யாரோ அவனிடம் காட்டியிருந்தார்கள். "இந்தக் கையாலதான அவனுக்கு அடிச்சன்னான். மோட்டார் ரூம் இரும்புக் கதவு இடுக்குல ரெண்டு கையவும் வைக்கச் சொன்னான். நான் வைக்கல. அவன் வச்சான்." கதவை மூன்று தடவை அடைத்தான். வெளியே பூட்டிவிட்டு, காலையில் வந்து முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். தண்ணீர்க் குழாய் போகும் சின்னத் திறப்பு வழியாக முழங்கையை ஊன்றி வெளியே வந்து, பியூலாவின் வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறாள்.

"லெட்டர் நான் சொல்லச் சொல்லப் பியூலாக்கா அடிச்சது. எனக்கு எழுத முடியாதுல்லா. சென்னைன்னு சொன்னா இங்க தேட மாட்டான்னு நெனச்சோம். பஸ் நேரம் தேடுன மாதிரி வச்சதும் அக்காதான்."

"பிரவுசிங் சென்டர்ல அடிச்சா யாராவது எட்டிப் பார்ப்பாங்கன்னு ஆபீசுக்குப் போனேன்" என்றாள் பியூலா. "யாராவது வந்துடுவாங்களோன்னு அவசரம். என்னென்னமோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்கிட்டேன்."

ஆல்வின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐயாதுரை என்ன சொன்னான் என்று காளீஸ்வரி நினைத்துப் பார்த்தாள். அவளால அடிச்சிருக்கவே முடியாது. அடிக்க மாட்டாள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்தக் கைகள் என்ன நிலையில் இருக்கின்றன என்பது ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கடிதத்தைக் கண்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது, தங்கச்சிக்கு ஒரு துணை இருக்கிறது என்று. அந்தத் துணையைக் கண்டுபிடித்தால் அவளைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்குத்தான் ஒரு துப்பறியும் ஆபீஸ் தேவைப்பட்டது. அவன் மூன்று வாரம் திணறிய வழியை இவள் ஒரே மத்தியானத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"கேஸ் குடுப்போம்" என்றாள்.

"குடுக்கேன். இப்ப வேண்டாம். வெரல்ல கம்பி வச்சிருக்காக, எடுக்க மூணு வாரம் ஆகும். கேஸுன்னு போனா நான் எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். ஓடக்கூட முடியாது எனக்கு."

எக்ஸ்ரேயும் டாக்டர் சீட்டும் பத்திரமாக இருக்கின்றனவா என்று காளீஸ்வரி கேட்டாள். நகல் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். புறப்படும்போது பாண்டிசெல்வி கூப்பிட்டாள்.

"அம்மா எப்படி இருக்கு?"

பொய் சொல்லலாமா என்று காளீஸ்வரி யோசித்தாள். முடியவில்லை. மூன்று உடல்களைப் பற்றிச் சொன்னாள். அப்போதுதான் பாண்டிசெல்விக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. பத்மாசனி வந்து தன் முந்தானையால் துடைத்தாள்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிருங்க, நான் இருக்கேன்னு. எடத்தையும் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டும்."

*

நான்கு மணிக்கு ஆல்வின் மறுபடியும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். முதலில் தமிழ் சாஃப்ட்வேரை நீக்கினான். பிறகு டூல்பார்களை ஒவ்வொன்றாக. நாலாவது டூல்பார் போக மறுத்து, உண்மையிலேயே என்னை நீக்கப் போகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டது. அவன் பதில் சொன்னான். பிரவுசரின் முகப்புப் பக்கத்தைப் பழையபடி மாற்றினான். ஷார்ட்கட்டின் வாலில் ஒட்டியிருந்த முகவரியை வெட்டினான். தினமும் தானே திரும்பி முளைக்கும்படி அது போட்டு வைத்திருந்த ஏற்பாட்டையும் தேடிப் பிடித்து அழித்தான். டவுன்லோடு ஃபோல்டர், டெம்ப் ஃபோல்டர், கடைசியாக ரீசைக்கிள் பின். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, இடம் காலியாக இருந்த பகுதியை யாரும் மீட்டெடுக்க முடியாதபடி மறுபடி மறுபடி எழுதி அழிக்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டான்.

"மதுரைக்காரன் வந்தா என்ன கிடைக்கும்?" என்றாள் காளீஸ்வரி.

"ஜலதோஷம் கிடைக்கும். ஏசி நல்லா இருக்கு." அவனே சிரிக்கவில்லை. "சாட்சியைக் கண்டுபிடிச்ச கையாலயே அழிக்கோம் மேடம்."

"ஆமா. அழி."

நவநீதகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். பிரவுசர் வெள்ளையாகத் திறந்தது. "அடேயப்பா, கண்ணு குளுந்து போச்சு" என்றார்.

*

ஆறு மணிக்கு மாடி ஆபீசில் ஐயாதுரை வந்து உட்கார்ந்தான். சீனியம்மாளும் வந்திருந்தாள். ஆல்வின் கதவோரம் நின்றுகொண்டான். காளீஸ்வரி ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். அதைச் சொல்லிவிட்டு அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். வேறெதுவும் பேசக் கூடாது என்று கோபத்தை அடக்கி வைத்திருந்தாள்.

"கம்ப்யூட்டரை முழுசாப் பார்த்துட்டோம். அந்த லெட்டரை அடிச்சது உங்க தங்கச்சிதான்."

"இருக்காது."

"அவதான். சந்தேகமே இல்லை. சென்னைக்குத்தான் போயிருக்கா."

"நான் சொல்லுதேன்ல, அவ அடிக்கலன்னு."

"அவளுக்குத் தமிழ் டைப்பிங் நல்லாத் தெரியும் தம்பி."

"தெரிஞ்சா? அவளால முடியாது மேடம். எத்தன தடவ சொல்ல. முடியாதுன்னா முடியாது."

கேட்டது சீனியம்மாள்.

"ஏன்லே முடியாது?"

ஐயாதுரை திரும்பினான். "நீ செத்த சும்மா இரு."

"அவ மிசினு கணக்கா அடிப்பான்னு அந்த மேனேசரே சொல்லுதாரு. பெருசு பெருசா பாஸ் பண்ணிக் காயிதம் வாங்கிட்டு வந்தா. நீயும் இருபது நாளா முடியாது முடியாதுங்குத. ஏன் முடியாது?"

எதையாவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்ப வேண்டும் என்றுதான் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்கூட வரவில்லை.

"பூச அன்னைக்கு விடியக்கால மோட்டார் ரூமக் கழுவி விட்டுக்கிட்டு இருந்தியே" என்றாள் சீனியம்மாள் மெதுவாக. "பூசைக்குக் கழுவுதான்னு நெனச்சேன். கதவத் தேச்சுத் தேச்சுக் கழுவுன. ஏலே, பிள்ள கைய என்னலே பண்ணுன?"

ஐயாதுரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். காளீஸ்வரியை ஒரு பார்வை பார்த்தான். ஆல்வின் கதவைவிட்டு நகராமல் நின்றான். பிறகு ஒதுங்கி வழிவிட்டான். படிகளில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. கீழே பைக் கிளம்பியது.

சீனியம்மாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காளீஸ்வரி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிள்ள இருக்காளா, தாயி?"

"இருக்கா."

"சாப்புடுதாளா?"

"சாப்பிடுதா. பார்த்துக்க நல்ல மனுசங்க இருக்காங்க. உங்களைக் கேட்டா. ஒரு தடவை வந்து பார்க்கணும்னு சொன்னா. இடம்..."

சீனியம்மாள் சட்டென்று காளீஸ்வரியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லாத. எங்கன்னு எனக்குச் சொல்லாத தாயி. தெரிஞ்சா நாளைக்கே பஸ் ஏறிருவேன். பின்னாலயே அவனும் வந்துருவான்." அவள் எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "இனி எங்கயாவது பொம்பளப் பிள்ள பொணம் கெடச்சிருக்குன்னு போன் வரும். நான் போவேன். அவன் பாக்க, எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னு அழுவேன். நீ அவகிட்ட, அம்மா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிரு."